செத்த ரப்பரும் ஒரு குடமும்: என் டிரைசூட் பதிவு

கழுத்து ரப்பரைத் தொட்டதுமே விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. இழுத்துவிட்டால் சுருங்கவில்லை, இழுத்த இடத்திலேயே சோர்ந்து நின்றது. உள் ஓரத்தைச் சுற்றிலும் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி பொடி வெடிப்புகள். அயர்லாந்தில் அத்தான் யாரோ ஒருவரிடம் பேசி 150 யூரோவுக்கு வாங்கித் தந்த பழைய டிரைசூட் இது, குளிர்ந்த கடலில் உடம்பு நனையாமல் முங்குவதற்கான உடுப்பு. நாலு கிலோ எடை. பெட்டியில் மடித்து எங்கள் ஊர் கடியபட்டணம் வரை கொண்டுவந்து, திண்ணையில் பாய் விரித்துப் பரப்பிய பிறகுதான் முழுசாகப் பார்த்தேன்.

சித்தப்பா வந்து பக்கத்தில் குந்தினார். நாற்பது வருசம் சிப்பிக்கு முங்கினவர். கண்ணாடி, ஒரு உளி, இடுப்பில் வலைப்பை. இதைத் தவிர எதையும் மாட்டிக்கொண்டு அவர் கடலில் இறங்கியதில்லை. சூட்டின் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள தண்ணியே வராதா, மக்கா?"

"வரக்கூடாது சித்தப்பா. கழுத்துலயும் மணிக்கட்டுலயும் இந்த ரப்பர் பிடிச்சு நிக்கணும்."

அவரும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "இது பிடிக்காது லே. செத்த ரப்பரு."

எனக்குத் தொழில் ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பது. பிசின், ஒட்டு, உப்புத்தாள் எல்லாம் தினமும் கையில் புழங்குகிற சாமான்கள். சிலிண்டர் கட்டி முங்குகிற ஸ்கூபா அந்தமானில் போய்ப் படித்தேன். ஊருக்கு வந்தபின் புரொப்பல்லரில் சுற்றிய வலையை அறுப்பது, விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுப்பது என்று தொழிலோடும் சேர்ந்துவிட்டது. நம் கடலுக்கு ஒரு 3 மில்லிமீட்டர் வெட்சூட், தண்ணீர் உள்ளே வருகிற சாதா முங்கு உடுப்பு, தாராளம். மாசி, பங்குனியில் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும். பனியனோடு இறங்கினாலும் போதும். குளிரில் முங்குவது என்றால் என்னவென்று தெரியவேண்டிய அவசியமே எனக்கு 2024 ஏப்ரல் வரை வரவில்லை.

அந்த ஏப்ரலில்தான் அக்காவைப் பார்க்க அயர்லாந்து போயிருந்தேன். அக்கா கால்வேயில் நர்ஸ். அங்கே ஒரு இடத்தில் வாடகைக்கு டிரைசூட் எடுத்து, அட்லாண்டிக் கரையில் ஒரு பாறை ஓரமாக இறங்கினோம். ஆழமும் குளிரும் காட்டுகிற முங்கு கம்ப்யூட்டரில் 9 டிகிரி. டிரைசூட் எனக்குப் புதுசு என்று சொன்னேன். "வெட்சூட் மாதிரிதான், ஒரு பட்டன் கூடுதல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் தப்பு. யாருக்கும் அப்படிச் சொல்லித் தரக்கூடாது.

நாலு மீட்டர் இறங்கும்போதே கழுத்தின் இடது பக்கம் ஒரு குளிர்ந்த கோடு இறங்கியது. சூட்டின் கழுத்து என்னைவிடத் தடித்த ஒருவருக்காக வெட்டியது. தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. உள்ளே போட்டிருந்த கம்பளி மாதிரியான உடுப்பு நெஞ்சுவரை நனைந்தது. எட்டு மீட்டரில் ஒரு நண்டைப் பார்க்கக் குனிந்தேன். சிலிண்டரிலிருந்து சூட்டுக்குள் ஏற்றியிருந்த காற்று முழுதும் கால்பக்கம் ஓடிவிட்டது. கால் மேலே, தலை கீழே. காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேல்கையில் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும்போது அந்த இடத்தில் காற்றே இல்லை, எவ்வளவு திறந்தாலும் வெளியேறாது. உயர உயரக் காற்று விரியும், விரிய விரிய இன்னும் வேகமாக உயரும். மேலே வந்து விழுந்தபோது வலது காலின் துடுப்பு பாதி கழன்றிருந்தது. மூச்சைப் பிடித்துவைக்காமல் விட்டுக்கொண்டே வந்தேன், அதனால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மொத்தம் 11 நிமிடம். அதன்பின் அக்கா வீட்டில் ஒரு மணி நேரம் தாடை நடுங்கியது நிற்கவில்லை.

அன்று ராத்திரியே முடிவு செய்தேன். ஒரு சூட் சொந்தமாக வேண்டும், அதை நம் ஊர்த் தண்ணீரில் வைத்துப் பழக வேண்டும். குளிரும் புதுசு, சூட்டும் புதுசு என்றால் இரண்டையும் ஒரே நாளில் படிக்க முடியாது.

ஊருக்கு வந்தது ஜூன் முதல் வாரம். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். கச்சான் காற்று விசிறி அடிக்கிறது. கடலுக்குள் போக வழியில்லை, திண்ணை வேலைக்கு நல்ல நேரம்.

இந்த சூட்டின் துணி மூன்று அடுக்கு. வெளியிலும் உள்ளிலும் நைலான் மாதிரித் துணி, நடுவில் பியூட்டைல் ரப்பர். துணிக்கென்று எந்தச் சூடும் கிடையாது. மழைக்கோட்டு மாதிரி தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். நெஞ்சில் காற்று ஏற்றும் வால்வு, சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் அதற்கு வரும். தோள்பட்டைக்குக் குறுக்கே முதுகில் பித்தளை ஜிப். காலில் பூட்ஸ் சேர்ந்தே இருக்கிறது. கழுத்து, இரண்டு மணிக்கட்டு, மூன்றிலும் லேடெக்ஸ் சீல், அதாவது தண்ணீரைத் தடுத்துப் பிடிக்கும் அந்த ரப்பர். மணிக்கட்டு இரண்டும் பரவாயில்லாமல் இருந்தன. கழுத்தை மாற்றியே ஆகவேண்டும்.

லேடெக்ஸ் என்பது நம் குலசேகரம், அருமனைப் பக்கம் மரத்தில் வடிகிற அதே பால்தான். பாலைப் பக்குவம் செய்து அச்சை முக்கி எடுத்து இந்த சீலை உருவாக்குகிறார்கள். குலசேகரத்தில் மாமா வீட்டில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பழைய சீலை அறுத்து எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணை பட்டிருக்கு, வெயிலும் பட்டிருக்கு" என்றார். சீட்டு ரப்பரை அவர்கள் நிழலில் காயப்போடுவதன் காரணமும், எண்ணெய்க் கையோடு தொட்டால் திட்டுவதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் எமன். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் வைக்காத தலை ஏது? அன்றிலிருந்து சூட்டைத் தொடுமுன் தலைக்கும் கழுத்துக்கும் சோப்புப் போட்டுக் குளிப்பதை ஒரு விதியாக வைத்துக்கொண்டேன். சீல் வழுக்கிக்கொண்டு இறங்க மணமில்லாத டால்க் பவுடர் மட்டும். மணம் சேர்த்த பவுடரில் எண்ணெய் இருக்கும்.

புதுச் சீலையும் ஒட்டையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. அது வருவதற்குள் பழைய சீலின் அடிப்பட்டையை உரித்தேன். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, ஒட்டு இளகியதும் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பட்டையாக வந்துவிடுகிறது. அவசரப்பட்டு இழுத்த ஒரு இடத்தில் மட்டும் உள்துணியின் மேல்நூல் கிளம்பியது. மிச்சப் பிசினைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்க இரண்டு மாலை ஆனது. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பு. புதுச் சீலின் ஒட்டும் ஓரத்தையும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அதையும் துடைத்தேன். வள்ளத்தில் ஃபைபர் பாய் ஒட்டுமுன் செய்கிற அதே வேலைதான், கை மட்டும் பத்து மடங்கு மெதுவாகப் போகவேண்டும்.

கழுத்துத் துளையைச் சுருக்கமில்லாமல் வட்டமாக விரித்துப் பிடிக்க ஒரு அச்சு வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் கண்ணில் பட்டது. குடத்தை சூட்டுக்குள் விட்டு, அதன் தோள் வளைவு கழுத்துத் துளையில் வந்து உட்காரும்படி தள்ளினேன். அளந்து செய்தது மாதிரி பொருந்தியது. ஒட்டு குடத்தில் பிடிக்காமலிருக்க மேலே ஒரு பாலிதீன் தாள். யூரித்தேன் ஒட்டை மெல்லிசாகத் தடவி, சீலை அதன்மேல் இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழி போக விரலால் நீவிவிட்டு, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்டினேன். இந்த வகை ஒட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். ஆனி மாத ஈரத்தில் மேல்பக்கம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தோல் கட்டியது. ஒரு பாதியை முடித்துவிட்டு மறுபாதிக்கு வருவதற்குள் தடவியது இறுகத் தொடங்கிவிட்டதால், அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். மழைக்காலத்தில் செய்கிறவர்கள் கால் கால் வட்டமாகத் தடவுங்கள். 24 மணி நேரம் போதும் என்று ஒட்டு டியூபில் போட்டிருந்தது. நான் இரண்டு நாள் குடத்தை அசைக்கவில்லை. அம்மா அந்த இரண்டு நாளும் வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

அடுத்தது கழுத்தை வெட்டுவது. புதுச் சீல் கூம்பு மாதிரி இருக்கும், மேல் துளை சின்னது. அதில் வரிவரியாக வளையங்கள் அச்சாகியிருக்கும். நம் கழுத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு வளையமாக வெட்டிக் குறைக்க வேண்டும். கூடுதலாக வெட்டினால் முதல் சூட்டில் எனக்கு நடந்தது நடக்கும். குறைவாக வெட்டினால் அதைவிட மோசம்: கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் பெரிய ரத்தக்குழாய்களை ரப்பர் அழுத்தும், உடம்பு அதை ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும், தலை சுற்றும், நினைவே போகலாம். வெட்டாமல் முதல்முறை போட்டுப் பார்த்தபோது ஒரு நிமிடத்தில் காதுக்குள் துடிப்பு கேட்டது. உடனே இரண்டு கைவிரல்களையும் உள்ளே விட்டு விரித்துக் கழற்றினேன். இந்த வேலையைத் தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது.

தையல்காரர் கத்தரிக்கோலை இரவல் வாங்கி, சித்தப்பாவை சீலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரே ஓட்டத்தில் ஒரு வளையம். நடுவில் கத்தரியை மூடி எடுத்தால் அந்த இடத்தில் ஒரு பிசிறு நிற்கும், நாளைக்குக் கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டு, போடு, பத்து நிமிடம் உட்கார், கழற்று. நாலு வளையம் போனது. என் கழுத்து 38 சென்டிமீட்டர். சும்மா கிடக்கும்போது சீலின் சுற்றளவு 34-இல் நின்றது. எச்சில் விழுங்கும்போது ரப்பர் தெரியவேண்டும், தொந்தரவாக இருக்கக்கூடாது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

ஒழுக்கு பார்க்க மணிக்கட்டு இரண்டிலும் கண்ணாடிப் பாட்டில், கழுத்தில் மறுபடியும் குடம். ஜிப்பை மூடி, கை வால்வைத் திருகி அடைத்து, சிலிண்டர் குழாயால் காற்று ஏற்றினேன். தலையில்லாத ஒரு ஆள் திண்ணையில் மல்லாந்து படுத்திருந்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சோப்புத் தண்ணீரை பெயின்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனால், இடது முழங்கால் மடிப்பில் கடுகு மாதிரிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஜிப்பின் ஒரு கோடியிலும் நுரை. முழங்காலுக்கு உள்பக்கமிருந்து ஒட்டுப் போட்டேன். ஜிப்புக்கு வேண்டியது மெழுகு. கோயிலுக்கு வாங்கிவைத்திருந்த வெள்ளை மெழுகுவர்த்தியை வெளிப்பக்கப் பற்களில் மட்டும் தேய்த்து, பழைய பல்துலக்கியால் துடைத்தேன். கோடியில் ஒரு பாசிமணி அளவு மணல் சிக்கியிருந்தது. அது போனதும் நுரையும் போனது.

குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? தடைக்காலத்தில் ஐஸ் பிளான்ட்டில் கூட்டமில்லை. சிநேகிதன் ஒருவனுடைய பிளான்ட்டில், மீன் போடுகிற ஆயிரம் லிட்டர்ப் பெட்டி ஒன்றில் பாதி தண்ணீர் விட்டு ஐஸை உடைத்துப் போட்டோம். அரைமணியில் தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது. உள்ளே ஃபிளீஸ் என்கிற கம்பளி மாதிரி உடுப்பு, மேலே சூட், தலைக்கு 7 மில்லிமீட்டர் தொப்பி, கைக்கு 5 மில்லிமீட்டர் கையுறை. கழுத்துவரை உட்கார்ந்தேன். சித்தப்பா விளிம்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், நாக்கு குழறினால் தூக்கிவிட வேண்டும் என்று முன்னமே பேசிவைத்திருந்தோம்.

முதல் பத்து நிமிடம் சூட்டிலிருந்த காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு இருந்தேன். துணி உடம்போடு ஒட்டி, மடிப்புகள் தொடையிலும் விலாவிலும் கிள்ளின. ஃபிளீஸ் நசுங்கிய இடமெல்லாம் குளிர் ஊசியாக இறங்கியது. முதுகெலும்பு வரிசையை எண்ணலாம் போலிருந்தது. பிறகு நெஞ்சு வால்வை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. உஸ் உஸ்ஸென்று இரண்டு வாய்க் காற்று. ஃபிளீஸின் மயிர்கள் நிமிர்ந்து நின்றதை உண்மையாகவே தோலில் உணர்ந்தேன். இரண்டு நிமிடத்தில் விலா வலி போய், ஐந்து நிமிடத்தில் போர்வைக்குள் இருக்கிற மாதிரி ஆனது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுக்கும் என்று படித்திருந்தேன். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் அது எனக்குப் புரிந்தது. சூடு இருப்பது சூட்டில் இல்லை, ஃபிளீஸுக்குள் அசையாமல் நிற்கும் அந்த விரல் கனக் காற்றில்.

நாற்பது நிமிடம் இருந்தேன். கைவிரல்தான் முதலில் மரத்தது. எழுந்து கழற்றியபோது இடது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு ஈரக்கோடு. விரலை மடக்கினால் மணிக்கட்டில் நரம்பு இரண்டு புடைத்து நடுவில் வாய்க்கால் விடுகிறது, தண்ணீர் அந்த வழியாக ஏறியிருக்கிறது. இதை அப்போதே மாற்றியிருக்க வேண்டும். கழுத்து முழுசாக உலர்ந்திருந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் கடல் கொஞ்சம் அடங்கியது. தென்மேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளும்போது அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வரும் காலம் இது. மீனுக்கும் சிப்பிக்கும் தீனி அதோடு வருகிறது. "குளுந்த தண்ணி ஏறிட்டு" என்று சித்தப்பா கரையில் கால் வைத்ததுமே சொன்னார். எட்டு மீட்டரில் கம்ப்யூட்டர் 23 காட்டியது. அயர்லாந்துக்காரர்களுக்கு அது வெந்நீர், எனக்குப் பழகுவதற்கு அது போதும். சிலிண்டருக்குக் காற்றடிக்கத் திருவனந்தபுரத்துக் கோவளம்வரை போகவேண்டியிருந்தது, அதனால் ஒரு மூச்சையும் வீணாக்கவில்லை.

இங்கே இன்னொரு ஆபத்து, வெயில். கரையில் 31 டிகிரியில் இந்த சூட்டை மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் நின்றால் மயக்கம் வரும். மற்ற எல்லாச் சாமானையும் வள்ளத்தில் தயார் செய்துவிட்டுக் கடைசியாகத்தான் ஜிப்பை மூடினேன், மூடியதும் தலையில் இரண்டு வாளி தண்ணீர். ஃபிளீஸுக்குப் பதில் மெல்லிய பாலியஸ்டர் உள்ளுடுப்பு. வேர்வையில் நனைந்த உடுப்பு தண்ணீருக்குள் போனதும் உங்களையே குளிரவைக்கும்.

மிதக்காமல் முங்குவதற்கு இடுப்பில் ஈயம் எவ்வளவு கட்டவேண்டும் என்பது ஒரு நாள் வேலை. வெட்சூட்டுக்கு 4 கிலோ கட்டுகிறவன் நான். மெல்லிய உள்ளுடுப்போடு டிரைசூட்டுக்கு 8 வேண்டியிருந்தது, ஃபிளீஸ் போட்டால் 11. சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியானபின் ஐந்து மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்பதுதான் சரியான சோதனை. நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் கணக்குத் தப்பும். கால் மேலேறாமலிருக்க வலைக்குக் கோர்க்கும் ஈயக்குண்டுகளைத் துணியில் தைத்துக் கணுக்காலுக்கு அரைக்கிலோ வீதம் கட்டிப் பார்த்தேன். உதவியது. ஆனால் கால் களைத்தது, காற்று எங்கே நிற்கிறது என்பதை உடம்பு கவனிக்காமலும் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் அவிழ்த்துப் போட்டேன்.

காற்றை ரசமட்டத்துக் குமிழி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் எந்த இடம் மேலே இருக்கிறதோ அங்கே ஓடும். தலை கொஞ்சம் உயர்ந்திருந்தால் தோளில் நிற்கும், வால்வுக்குப் பக்கத்தில். குனிந்தால் இடுப்பைத் தாண்டிக் காலுக்குப் போகும். அது இடுப்பைத் தாண்டுவதை இடுப்புப் பட்டையில் ஒரு கூச்சமாக உணரலாம். அந்த நொடியிலேயே திருத்திவிட்டால் ஒன்றுமில்லை. தாண்டிவிட்டால் முழங்காலை நெஞ்சோடு இழுத்து, பந்தாகச் சுருண்டு, முன்பக்கமாக உருண்டு தலையை மேலே கொண்டுவந்து, இடது முழங்கையை உயர்த்திக் காற்றை விடவேண்டும். ஆறு மீட்டர் மணல் தரையில் இதை வேண்டுமென்றே கவிழ்ந்து கவிழ்ந்து இருபது தடவை செய்தேன். சித்தப்பா மேலேயிருந்து ஒற்றை மூச்சில் முங்கிவந்து, என் பூட்ஸைப் பிடித்து அமுக்கிப் பார்ப்பார். காற்று நிறைந்திருந்தால் கையை ஆட்டுவார். மேலே வந்ததும், "காலுல பலூனு கட்டிருக்க மாதிரியில்லா கெடக்கு. குனியும்போ இடுப்ப மடக்காத, மொத்தமா சரிஞ்சு பாரு" என்றார். பாறையிடுக்கைப் பார்க்க அவர் எப்போதும் அப்படித்தான் சரிவார், மூச்சை மிச்சம் பிடிக்க. எனக்கு அது காற்றைத் தோளில் நிறுத்தும் வழியானது. எந்தப் பாடத்திலும் அதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இறங்கும்போது பத்து மீட்டரில் சூட்டுக் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். கிள்ளத் தொடங்கியதும் ஒரு தட்டு. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் வால்வு உறைந்து திறந்தபடியே நின்றுவிடலாம், பிறகு காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படி நின்றால் குழாயைப் பிடுங்கிவிட வேண்டும். கையுறையோடு கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குவதையும் பத்து தடவை செய்துவைத்தேன்.

2025 மார்ச்சில் மறுபடியும் அதே மேற்குக் கரை. 8 டிகிரி. தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவிலுள்ள நெற்றித் தோலில் முதல் இரண்டு நிமிடம் அறைந்த மாதிரி வலி, பிறகு மரத்துவிட்டது. நாலு மீட்டரில் கழுத்தைத் திருப்பினேன், உலர்ந்திருந்தது. இன்னொரு பக்கமும் திருப்பினேன். தண்ணீருக்கடியில் அழுகை வருமென்று நினைத்ததில்லை. 13 மீட்டர், 34 நிமிடம். பெரிய கடற்பாசித் தண்டுகளின் நடுவே மொத்தமாகச் சரிந்து சரிந்து பார்த்துக்கொண்டு போனேன். கால் ஒரு தடவைகூட மேலேறவில்லை. டார்ச்சை இறுக்கிப் பிடித்த இடது மணிக்கட்டில் மட்டும் அதே ஈரக்கோடு.

மறுநாள் அத்தான் கில்லரிக்குக் கூட்டிப்போனார். மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே வரும் கடல். அங்கே மிதவைகளிலிருந்து கயிறு தொங்கவிட்டு சிப்பி வளர்க்கிறார்கள். கரைப் பாறையிலும் அப்பியிருந்தது, நம் பழுப்புச் சிப்பியைவிடச் சின்னது, கருநீலம். வீடியோவில் சித்தப்பாவுக்குக் காட்டினேன்.

"முங்கவே வேண்டாமா? கயித்த இழுத்தா போதுமா?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கழுத்துல தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா."

"கையில?"

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன்.

புது மணிக்கட்டுச் சீல் போன வாரம் வந்தது. இந்தத் தடவை நரம்பு வாய்க்காலைத் தாண்டி உட்கார்கிற மாதிரி நீளமான கூம்பாகப் பார்த்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒட்டவேண்டும். இதற்குக் குடம் வேண்டாம், ஒரு லிட்டர் பாட்டில் போதும்.